செயின் சா வாங்கியாச்சு, அப்புறம் செய்கிற தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தோப்புக்குத் தோப்பு செயின் சா சத்தம்தான். அதுவரை மரவாடியில் மட்டும் பார்த்திருந்த மெஷினை அந்த மாதம் நானும் வாங்கினேன். முதல் நாளே செயினைத் திருப்பி மாட்டிவிட்டு, மரம் அறுபடாமல் புகைகிறதே என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோப்புக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைத்தான் பார் என்பார்கள். அந்தப் பாரின் மேல்பக்கத்தில் பல்லின் வெட்டுமுனை பாரின் நுனியைப் பார்த்து ஓட வேண்டும். நான் மாட்டியதில் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது என்னிடம் கேட்க வருகிறவர்களும் எந்த கம்பெனி, எத்தனை சிசி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மெஷினுக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, பல் தீட்டும் அரத்திலும் மரம் ஏறும் கயிற்றிலும் மிச்சம் பிடிக்கிறோம். நான் பார்த்த காயங்களும் எரிச்சல்களும் பெரும்பாலும் அந்த மிச்சத்தில் வந்தவைதான்.

செயினை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னையின் வெளிப்பகுதி இரும்பு மாதிரி. புயலில் சாய்ந்து கிடந்ததென்றால் மணலும் ஒட்டியிருக்கும். நாலைந்து துண்டு போடுவதற்குள் பல் மழுங்கிவிடும். கீழே விழுவதைப் பார்த்தாலே தெரியும்: கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும், மழுங்கிவிட்டால் மாவு மாதிரி தூள். தூள் விழ ஆரம்பித்ததும் நிறுத்தி அரம் எடுக்க வேண்டும். நாம் செய்வது மெஷினை அழுத்துவது. அழுத்த அழுத்தக் கை தளரும், பார் சூடாகும், சறுக்கினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அரத்திலும் ஒரு தவறு உண்டு. கையில் கிடைத்த அரத்தைப் போட்டுத் தேய்ப்பது. பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலக் கணக்கில். .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், சிறிய மெஷின்களில் வரும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8 செயினுக்கு 4 மி.மீ., பெரிய 3/8-க்கு 5.2. பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வு. உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் தேய்த்து, எடுத்துவிட்டு, மறுபடி தள்ள வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. நான் வலக்கைக்காரன், ஒரு பக்கப் பல்லை என்னையறியாமல் அதிகம் தேய்த்துவிடுவேன். பிறகு அறுத்தால் வெட்டு நேராக இறங்காமல் பிறை மாதிரி வளைந்து போகும். மெஷின் கோணல் என்று பலர் விற்றே விடுகிறார்கள். கோணல் பல்லில்தான்.

பார் ஆயிலுக்குப் பதில் ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில் ஊற்றுவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பையும் பாரையும் சேர்த்தே தேய்க்கும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். டேங்க் நிறைய அப்படியே நின்றால் ஆயில் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, சூடாக இருக்கும்போது இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி, இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டையே இழுக்கும்.

சரி, மரத்தின் மேலே போவோம்.

58 சிசி, 22 அங்குல பார் போட்ட மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து வாது வெட்டுகிறார்கள். ஆறேழு கிலோ. தரையில் நின்று தூரை அறுக்க வேண்டிய சாமான் அது. மேலே வேலை செய்ய, கைப்பிடி மேல்பக்கம் வைத்த சிறிய மெஷின்கள் மூன்றரை, நாலு கிலோவில் இருக்கின்றன. ஆனால் அவை கையில் கிடைத்ததும் அடுத்த தவறு தயாராகிவிடும்: ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பது. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்தும் பிரேக்கைத் தட்டிவிட வேண்டியது முன்பிடியில் இருக்கும் இடது மணிக்கட்டு. அது கொப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால்? எகிறும் வேகத்திலேயே பிரேக் விழும் அமைப்பு மெஷினில் உண்டுதான், அதை மட்டும் நம்பி நான் ஏற மாட்டேன்.

கயிறு விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. மாடு கட்டும் நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மெஷின் ஓட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். இழுபட்டு நிற்கும் கயிற்றில் ஓடும் செயின் லேசாகப் பட்டாலே போதும், கண்மூடித் திறப்பதற்குள் அறுந்துவிடும். அதனால்தான் மெஷின் ஓடும்போது இரண்டு பிடிமானம் வேண்டும் என்கிறார்கள். ஒன்று மேலே கவையில் போட்ட ஏறு கயிறு, 11 முதல் 13 மி.மீ. கனத்தில். இன்னொன்று மரத்தைச் சுற்றிப் போடும் குட்டைக் கயிறு, உள்ளே ஸ்டீல் கம்பி வைத்தது. கம்பி இருப்பதால் அறுபடவே படாது என்று நினைக்க வேண்டாம், சற்று நேரம் தாங்கும். அவ்வளவுதான்.

கட்டட வேலை பெல்ட்டையே மரத்துக்கும் வாங்குவது இன்னொரு ஏமாற்றம். அதன் கொக்கி முதுகில் இருக்கிறது. விழுந்தால் பிடிக்கும், உட்கார்ந்து வேலை செய்ய ஆகாது. மர வேலைக்கான பெல்ட்டில் இடுப்பின் இரு பக்கமும் வளையம், முன்பக்கம் தொங்குபிடி, தொடைக்கு அகலமான பட்டை இருக்கும்.

காலில் கட்டும் இரும்பு முள், வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும். தென்னையில் அதைக் குத்தி ஏறுவதும், அரிவாளால் படி வெட்டுவதும் கூடவே கூடாது. தென்னையின் தண்டில் பட்ட காயம் மா, வேம்பு மாதிரி மூடி வளராது. அந்தக் காயத்தின் வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். தளைக்கயிறு போட்டு ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால், கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் அப்பச்சன் என்கிற எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய ஏறும் கருவிதான் இப்போது பலருக்குக் கைகொடுக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியமும் 2011 முதல் கருவியில் ஏறப் பயிற்சி தருகிறது. அதில் ஏறும்போது பலர் மறப்பது ஒன்று: அடிமரத்துக்கு அளவெடுத்த வளையம், மரம் மேலே மெலியும்போது தளரும். ஈர மரத்தில் இன்னும் மோசம். பாதுகாப்பு பெல்ட்டைக் கீழேயே விட்டுவிட்டு ஏறாதீர்கள்.

ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு முன் அது கீழே போய்ச் சேரும். செயின் பட்டால் நூல் நூலாகப் பிரிந்து, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சிக்க வைக்கும் பேன்ட் ஒன்று இருக்கிறது. ஜீன்ஸ் அந்த வேலையைச் செய்யாது. மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு என்னாலும் நிற்க முடியவில்லை. அதனால் பேன்ட்டைக் கழற்றவில்லை, வேலையைக் காலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிறேன்.

கடைசியாகப் பெட்ரோல். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஓரம் கட்டுவதற்கு முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். போன ஐப்பசியில், ஆறு மாதம் தூங்கிய மெஷினை எடுத்து முக்கால் மணி நேரம் ஸ்டார்ட்டர் கயிறு இழுத்தேன். கார்பரேட்டரைப் பிரித்த மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே படிந்திருந்த பிசினை விரலில் தொட்டு என் சட்டையில் துடைத்துவிட்டார்.