செய்திமடல் ஒப்புதலைக் கணினிக்குப் புரியவைப்பது எப்படி?

டப்ளினில் ஒரு சின்னப் புத்தகக் கடை, வாசகர்களின் ஒப்புதலோடு மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒப்புதலின் எல்லை தனியுரிமை அறிவிப்பில் பத்தி பத்தியாக இருக்கிறது. மடல் அனுப்பும் மென்பொருளுக்கு அது தெரியாது. தெரியவைப்போம்.

இரண்டு கருவிகள் போதும். டிபிவி என்பது தரவுத் தனியுரிமைக்கான சொற்களஞ்சியம். ஓடிஆர்எல் என்பது அனுமதி, தடை, கடமை ஆகியவற்றை எழுதும் மொழி. 2018 பிப்ரவரியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியானது.

படி 1: கணினியைத் தொடாமல் தாளில் எழுதுங்கள். யார்? கடை. எந்தத் தரவு? மின்னஞ்சல் முகவரி. எதற்கு? செய்திமடல். எந்தச் சட்ட அடிப்படை? ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 6-வது பிரிவு தரும் ஆறில் ஒன்றான ஒப்புதல்.

படி 2: ஒவ்வொரு பதிலையும் மூன்று துண்டாக்குங்கள்: "மடல்பணி – நோக்கம் – டைரக்ட் மார்க்கெட்டிங்". இத்தகைய விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் வடிவம் டர்ட்டில். அந்தக் கோப்பின் வரிகளும் இதே அமைப்புதான். துண்டுகளுக்கு மட்டும் டிபிவி தரும் பெயர்களை இடுங்கள்.

படி 3: நோக்கத்தைச் சரிபாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். டிபிவியில் 'மார்க்கெட்டிங்' ஒரு பெரிய குடை. விளம்பரமும் அதற்குள் அடக்கம். வாசகர் சம்மதித்தது மடலுக்கு மட்டும். சோம்பலில் குடைச்சொல்லைப் போட்டால், அவர் தராத அனுமதியை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். எப்போதும் பொருந்துகிற மிகக் குறுகிய சொல்லை எடுங்கள்.

படி 4: இனி ஓடிஆர்எல். மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தக் கடைக்கு அனுமதி. நிபந்தனை, படி 3-இல் எடுத்த நோக்கம். வெளியாருக்குக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு தடை.

அப்புறம் ஒன்று: அனுமதியும் தடையும் முட்டிக்கொண்டால் எது வெல்லும் என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், முட்டும்போது ஓடிஆர்எல் விதிப்படி நீங்கள் எழுதிய விதிகள் அடங்கிய மொத்தக் கொள்கையும் செல்லாததாகிவிடும். நான் தடையே வெல்லட்டும் என்று வைப்பேன்.

படி 5: ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழி. கொடுத்த அளவுக்கே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது ஜிடிபிஆரின் 7-வது பிரிவு. ஆகவே ஒப்புதலின் நிலையைத் தனியாகப் பதிந்து, 'நடப்பில் உள்ளது' என்றிருந்தால் மட்டுமே அனுமதி செல்லும்படி நிபந்தனை சேருங்கள். ஒப்புதல் மனமுவந்து தரப்பட்டதா என்பதைக் கோப்பு சொல்லாது, அதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

படி 6: சோதனை. கோப்பு தானாக எதையும் தடுக்காது. மடல் போகும் முன் அதைப் படித்து முடிவு சொல்லும் நிரல் வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெற்றவராக ஒரு பொய் வாசகரை உருவாக்கி, மடலை அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால், படி 5-க்குத் திரும்புங்கள்.