பீகிள் கால்வாயில் படகு ஏறுவதற்கு முன்

காசிமேட்டுக் கடல்காற்றிலேயே வளர்ந்தவராக இருந்தாலும் சரி, அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவில் பீகிள் கால்வாய் என்ற கடல் நீரிணையைச் சுற்றிப் பார்க்கப் படகு ஏறும்போது, அங்கே கோடையான ஜனவரியிலும், ஸ்வெட்டருக்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் வேண்டும். பென்குயின் பார்க்கத்தான் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும்போதே மார்ட்டிலோ தீவு வரை போகுமா என்று கேளுங்கள். சின்னப் பயணங்கள் பெரும்பாலும் சிவப்பும் வெள்ளையுமான லெ எக்லெரர் கலங்கரை விளக்கத்தோடு திரும்பிவிடும். வழியில் பாறை முழுக்கக் கறுப்பு வெள்ளையாக நிற்பவை நீர்க்காகங்கள். பென்குயின் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், பறந்தால் மானம் போகும். அப்புறம் கடல்சிங்கங்கள்: தடித்த பிடரியோடு உறுமுவது ஆண், சுற்றிப் படுத்திருப்பவை பெண்கள், நாற்றமோ கருவாட்டுக் கிடங்கேதான். படகு அங்கே நெருங்கியதும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள், கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்தால் படம் தேறாது. வாந்தி வரும் ஆளென்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.