அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாமல் தடுங்கள்

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்கள், ஏற்றும் படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள், சர்வருக்கு விதிகள் சொல்லும் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பு ஒன்றைப் போட்டு, பிஎச்பி கோப்புகள் (சர்வரில் ஓடும் நிரல்கள்) எதையும் திறக்க முடியாதபடி தடுத்துவிடுங்கள். சில வரிகள்தான், செலவே இல்லை. பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் வசதி) ஒன்றில் உள்ள பாதுகாப்பு ஓட்டை வழியாகப் படம் என்ற பெயரில் பிஎச்பி கோப்பை ஏற்றி, அதன் முகவரியை பிரவுசரில் திறந்துதான் பல தளங்களைக் கைப்பற்றுகிறார்கள். கோப்பு ஏறினாலும் ஓடாது என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். படங்களும் பிடிஎஃப்களும் வழக்கம்போலத் திறக்கும். பிஎச்பி போலவே ஓடக்கூடிய, பிஎச்டிஎம்எல் (.phtml), பிஎச்ஏஆர் (.phar) என்று முடியும் கோப்புகளையும் மறக்காமல் சேருங்கள்.

அப்பாச்சி, லைட்ஸ்பீடு சர்வர்களுக்குத்தான் இது சரி. என்ஜின்எக்ஸ் சர்வர் இந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது, அங்கே சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில்தான் எழுத வேண்டும். அப்புறம், 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினில் நடந்ததுபோல, கோப்பு பிளகினின் சொந்த ஃபோல்டருக்குள் ஏறினால் இந்தத் தடை உதவாது. அதற்கு அந்தப் பிளகினை உடனே அப்டேட் செய்ய வேண்டும்.