வெளிநாட்டில் வளரும் இக்போ பிள்ளைகளுக்கு மொழிப் புத்தகம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கிழக்கு நைஜீரியாவின் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்கள்தான் இக்போ மொழியின் தாய்வீடு. பக்கத்தில் டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளிலும் பேசுகிறார்கள். பேசுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஹூஸ்டனிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ உள்ள ஒரு இக்போ வீட்டில் அம்மா இக்போவில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். காதுக்குப் புரிகிறது, வாய்க்கு வரவில்லை. புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளிலும் இதே கதைதான் என்பதால், மொழிப் புத்தகம் செய்யும் நம்மவர்களுக்கும் இது உதவும்.

இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நைஜீரியப் பள்ளிகளுக்காக எழுதியது. பிள்ளைக்குப் பேச்சு ஏற்கெனவே வரும் என்று வைத்துக்கொண்டு படிக்கவும் எழுதவும் சொல்லித்தருவது. இன்னொன்று, இக்போ கற்க வரும் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கானது. இலக்கணத்தை அடுக்கிவைத்து விளக்குவது. அவரவருக்கு அது சரி. இந்தப் பிள்ளை இரண்டிலும் சேராது. பிள்ளை யாரிடம், எந்த நேரத்தில், என்ன சொல்லப்போகிறது என்று யோசிக்காமல் ‘மொழி’ என்ற பாடத்தை நடத்த உட்கார்ந்துவிடுகிறோம். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

அரிச்சுவடியில் ஆரம்பிப்பது

ஆங்கிலத்தின் 26 எழுத்து அட்டவணையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இக்போ சொல்லைத் தேடிப் போடுவது சுலபமான வழியாகத் தோன்றும். அது தப்பான வழி. இன்று பள்ளிகளில் பயன்படும் இக்போ எழுத்துமுறை, ஓன்வு என்பவர் தலைமையிலான குழு 1961-இல் முடிவுசெய்தது. அதற்கு முன் எந்த எழுத்தை ஏற்பது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது. அந்த முறையில் 36 எழுத்துகள்: எட்டு உயிர், இருபத்தெட்டு மெய். ஆங்கிலத்தின் ‘க்யூ’வும் ‘எக்ஸ்’ஸும் அதில் கிடையாது, ‘சி’ தனியாக வராது. மாறாக ‘க்ப’, ‘க்வ’, ‘ன்வ’, ‘ன்ய’ போல இரண்டு ரோமன் எழுத்து சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்பவை ஒன்பது இருக்கின்றன.

ஆங்கிலம் படித்த பிள்ளை ‘க்ப’வைப் பார்த்தால் ‘க்’ தனி, ‘ப’ தனி என்று உடைத்துத்தான் படிக்கும். உண்மையில் தொண்டையருகே ஒரு அடைப்பும் உதட்டில் ஒரு அடைப்பும் ஒரே நொடியில் விழ வேண்டும். இக்போ என்ற பெயரிலேயே இந்த ஒலி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதை ‘இபோ’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். இதை எழுத்தைக் காட்டிச் சொல்லித்தர முடியாது. பாட்டியின் வாயைப் பார்த்துத்தான் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அதனால் எழுத்து அட்டவணை புத்தகத்தின் கடைசியில் இருக்கட்டும். முதலில் பேச்சு, நிறையப் பேச்சு, அப்புறம் எழுத்து.

ஒலிப்பதிவு இல்லாமல் அச்சிடுவது

இது பெரிய தவறு, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இக்போ தொனி மொழி. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘அக்வா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அசையையும் உயர்த்திச் சொன்னால் அழுகை. முதல் அசை உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் துணி. முதலாவது தாழ்ந்து அடுத்தது உயர்ந்தால் முட்டை. இரண்டுமே தாழ்ந்தால் கட்டில். அன்றாட எழுத்தில் தொனிக்குறி போடும் வழக்கம் இல்லாததால் நான்கும் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஊரில் வளர்ந்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஹூஸ்டன் பிள்ளைக்கு அந்தக் காது இல்லை.

தனிச்சொல்லோடு இது நிற்பதில்லை. நாம் ‘வந்தான்’ என்பதைக் கேள்வியாக்க ‘வந்தானா’ என்று ஓர் ‘ஆ’ சேர்க்கிறோம். இக்போவில் ‘ஓ பியாரா’ என்றால் ‘அவர் வந்தார்’. அந்த முதல் ‘ஓ’வைத் தாழ்த்திச் சொன்னால் ‘அவர் வந்தாரா?’ என்று ஆகிவிடும். எழுத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கும், கேள்விக்குறி ஒன்றைத் தவிர. ஆங்கிலப் பழக்கத்தில் வாக்கியத்தின் கடைசியைத் தூக்கிக் கேட்கும் பிள்ளை கேள்வி கேட்டதாக நினைக்கும். கேட்பவருக்கு அப்படிப் படாது.

ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒலி வேண்டும். ஒரு க்யூஆர் குறியீடு போதும், பெரிய செலவில்லை. ஆனால் அந்த ஒலியை வானொலிச் செய்தி வாசிப்பது போலப் பதிவு செய்யாதீர்கள். மெதுவாக ஒருமுறை, வீட்டில் பேசும் வேகத்தில் ஒருமுறை. பெரியவர் குரல் ஒன்று, பிள்ளையின் குரல் ஒன்று. கணினிக் குரலில் பேசவைப்பதைத் தவிருங்கள். தொனி பிசகினால் பிள்ளை பிசகைத்தான் கற்றுக்கொள்ளும், அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். அச்சில், புதுச்சொல் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் தொனிக்குறி போடலாம் என்பது என் கருத்து. பக்கம் முழுக்கக் குறிகளாக இருந்தால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

தொனிக்கு முதல் பாடம் பிள்ளையின் பெயரிலேயே இருக்கிறது. கெலெச்சி என்றால் கடவுளுக்கு நன்றி சொல். ன்னேகா என்றால் தாயே பெரியவள். முழு வாக்கியங்களே பெயர்களாக நிற்கின்றன. வெளிநாட்டுப் பள்ளியில் ஆசிரியர் அந்தப் பெயரைத் தட்டையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிள்ளையே அப்படிச் சொல்லப் பழகியிருக்கும். தன் பெயரைச் சரியான ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வந்துவிட்டால் பிள்ளைக்கு வரும் தெம்பே தனி.

புள்ளியை விட்டுவிடுவது

‘உக்வு’ என்பதில் இரண்டு உயிரெழுத்துக்கும் கீழே புள்ளி வைத்தால் கால். புள்ளி இல்லாவிட்டால் இடுப்பு, அல்லது பெரிய. எட்டு உயிர்களும் புள்ளி உள்ளவை, இல்லாதவை என்ற இந்த வேறுபாட்டை ஒட்டி இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒரு சொல்லுக்குள் பொதுவாக ஒரு கூட்டத்து உயிர்களே வரும். புள்ளி போய்விட்டால் அந்த ஒழுங்கும் கண்ணிலிருந்து போய்விடும். குழந்தைப் புத்தகத்துக்கென்று தேர்ந்தெடுக்கும் அழகழகான எழுத்துருக்கள் பலவற்றில் இந்தப் புள்ளி எழுத்துகளே இருக்காது. கீழே புள்ளியும் மேலே தொனிக்குறியும் ஒரே எழுத்தில் சேர்ந்து சரியாக விழுகிறதா என்று அச்சிட்டுப் பார்த்த பிறகு எழுத்துருவை முடிவுசெய்யுங்கள். திரையில் சரியாகத் தெரிந்தது அச்சகத்தில் கட்டமாக வந்து நிற்கும்.

பெயர்ச்சொல் அட்டைகளை நம்பியிருப்பது

நிறம், பழம், விலங்கு, உடல் உறுப்பு என்று அட்டை அட்டையாகச் செய்கிறோம். பிள்ளை நூறு சொல் ஒப்பிக்கிறது, தாத்தாவிடம் ஒரு வாக்கியம் பேச முடிவதில்லை. இக்போவின் உயிர் வினையில் இருக்கிறது. அந்த வினையும் பல இடங்களில் தனியாக நிற்காது. ‘இக்பா ஓசோ’ என்றால் ஓடுவது, ‘இக்பா எக்வு’ ஆடுவது, ‘இக்பா போலு’ பந்து விளையாடுவது, ‘இக்பா ம்க்பா’ மல்யுத்தம் பிடிப்பது. ‘இக்பா’வுக்கு மட்டும் ஓர் அட்டை செய்து பின்பக்கம் என்ன பொருள் எழுதுவீர்கள்? நம் ‘போடு’ மாதிரிதான்: சட்டை போடு, சண்டை போடு, கோலம் போடு. ‘போடு’வைத் தனியாகக் கற்றுக்கொண்டு ஒரு பிள்ளை எங்கே போகும்? ஜோடியாகவே, செய்கையோடு கற்றுக்கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே சொல்ல வேண்டும், ஆடிக்கொண்டே சொல்ல வேண்டும்.

ஒரு பக்கம் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். படத்தில் லண்டன் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. அடுப்பில் சேனைக்கிழங்கு போன்ற ‘ஜி’ வேகிறது, பக்கத்துத் தட்டில் சிவப்பாகப் பனை எண்ணெய். பிள்ளை சொல்கிறது: ‘அகூ நா அகு ம்.’ பசி என்னைப் பசிக்கிறது என்ற அமைப்பு, ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு எளிதாகப் பிடிபடும். அம்மா: ‘பியா ரியே ன்ரி’, வந்து சாப்பிடு. பிள்ளை: ‘அச்சோரோ ம் ம்மிரி’, எனக்குத் தண்ணீர் வேண்டும். இவ்வளவுதான். பக்கத்தில் சில சொற்களே புதிது. ஆனால் அன்று இரவே, அதே சமையலறையில், மூன்று வாக்கியமும் தேவைப்படும். வேண்டாம், போதும், இன்னும் கொஞ்சம், என்னுடையது, நான் மாட்டேன் ஆகியவற்றை அடுத்தடுத்த பக்கங்களில் கொடுங்கள். மறுக்கவும் அடம் பிடிக்கவும் முடியாத மொழியில் எந்தப் பிள்ளையும் பேச விரும்பாது.

வட்டார வழக்கை அழிப்பது

1913-இல் வெளிவந்த இக்போ பைபிளுக்காக, பல வட்டார வழக்குகளைக் கலந்து ‘ஒன்றிய இக்போ’ என்று ஒன்றை மிஷனரிகள் உருவாக்கினார்கள். அது யாருடைய வீட்டிலும் பேசாத மொழி. இக்போ நாவலாசிரியர் சினுவா அச்சிபி அதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். 1999-இல் ஒவெர்ரியில் ஆற்றிய பேருரையைத் தம் சொந்த வழக்கிலேயே ஆற்றினார். இன்றைய பொது இக்போ அதைவிட எவ்வளவோ மேலானது, புத்தகத்துக்கு அடித்தளமாக அதைத்தான் வைக்க வேண்டும். ஆனால் புத்தகம் சொல்வதே சரி, பாட்டி சொல்வது தப்பு என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால் எல்லாம் போச்சு.

இஃபியோமா என்ற பெண்ணின் பெயரில் வரும் ‘இஃபே’ அனம்ப்ரா பக்கத்து வழக்கு. பொது இக்போவில் அது ‘இஹே’. புத்தகத்தில் தண்ணீர் ‘ம்மிரி’, அவள் வீட்டில் ‘ம்மிலி’. புத்தகத்தில் சோறு ‘ன்ரி’, வீட்டில் ‘ன்னி’. ஒவ்வொரு பாடத்திலும் ‘எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வோம்’ என்று ஒரு காலிக்கோடு விடுங்கள். பிள்ளை பாட்டியிடம் போனில் கேட்டு நிரப்பட்டும். கேட்பதற்கே ஒரு பேச்சு நடக்கும், புத்தகத்தின் பாதி வேலை அதில் முடிந்துவிடும். ஒலிப்பதிவில் பேசுபவர் எந்த ஊர் வழக்கில் பேசுகிறார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஊரையே அருங்காட்சியகம் ஆக்குவது

எல்லாப் படத்திலும் கூரைக் குடிசை, பனை ஏறுபவர், முரசு. பிள்ளைக்கு இக்போ என்பது வேறு எங்கோ, எப்போதோ இருந்த ஒன்றாகத் தெரியும். எனுகு ஒரு பெரிய நகரம். ஒனிட்சாவின் சந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று. அவையும் வரட்டும், பிள்ளை வாழும் பனிக்கால நகரமும் வரட்டும்.

மரபை விட்டுவிடச் சொல்லவில்லை, உயிரோடு இருக்கும் இடத்தில் எடுங்கள் என்கிறேன். கிழமைப் பாடம் என்று திங்கள், செவ்வாயை மொழிபெயர்த்துவிட்டு, ஏகே, ஓரியே, ஆஃபோ, ங்க்வோ என்ற நான்கு சந்தை நாட்களை விட்டுவிடுகிறோம். ஒகெகே, ஒகோரி, ஒகாஃபோர், ஒகோங்க்வோ என்ற பெயர்கள் எல்லாம் அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்தவை. வகுப்பில் நான்கு பேருக்காவது அது சொந்தக் கதையாக இருக்கும். எண்களுக்கு ‘ஒக்வே’ இருக்கிறது, நம் பல்லாங்குழி இனத்து விளையாட்டு. விதைகளை எண்ணிப் போட்டால் எண் தானாக வரும். இன்று இருபதை ‘இரி அபுவோ’, அதாவது இரண்டு பத்து என்கிறார்கள். தாத்தா இருபதை ‘ஓகு’ என்று பழைய கணக்கில் சொல்லக்கூடும், அதையும் ஓரமாகச் சொல்லிவையுங்கள்.

மரியாதை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீ, நீங்கள் என்ற வேறுபாடு இக்போவில் இல்லை, பெரியவருக்கும் அதே ‘நீ’தான். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது: முந்திக்கொண்டு வணக்கம் சொல்வது, வலக்கையால் கொடுத்து வாங்குவது, பெரியவரைப் பெயர் சொல்லாமல் உறவு சொல்லி அழைப்பது. ஆங்கில உரையாடலை வரிக்கு வரி மாற்றினால் இவை எதுவும் புத்தகத்துக்குள் வராது. பிள்ளை ஊருக்குப் போய் இறங்கியதும் மரியாதை தெரியாத பிள்ளை என்று பேர் வாங்கும்.

வயதை மறப்பது

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இக்போ நான்கு வயது அளவில் இருக்கலாம், புத்தி பன்னிரண்டு வயதுதான். அதன் கையில் ஆமைக்கதைப் படப்புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடும். ஆமைக்கதைகள் சின்னவர்களுக்கு அருமையானவை. கதை சொல்பவரும் கேட்பவர்களும் மாறி மாறிக் குரல் கொடுப்பதால் எல்லோரும் வாய் திறக்க நேரும். பெரிய பிள்ளைகளுக்கோ கால்பந்து வர்ணனை, சமையல் குறிப்பு, ஊரில் இருக்கும் சித்தப்பா, மாமா பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி, இக்போவில் ராப் பாடுபவர்களின் வரிகள் ஆகியவற்றை வைத்துப் பாடம் செய்யலாம். டிசம்பரில் ஏராளமான குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும். அந்தப் பயணத்தையே இலக்காக வைத்து, ஊரில் முதல் மாலைக்கு என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு சின்னப் புத்தகம் செய்தால், பெரிய பாடநூலைவிடப் பயன்படும்.

பெற்றோரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது, பயமுறுத்துவது

பெற்றோருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடியோ அபராதமோ வாங்கி வளர்ந்தவர்கள் அவர்களில் நிறைய. நன்றாகப் பேசுவார்கள், புள்ளி வைத்த எழுத்தைப் படிக்கத் தடுமாறுவார்கள். சில வீட்டில் ஒருவர் மட்டுமே இக்போ. ஒவ்வொரு பாடத்திலும் பெற்றோருக்கு இரண்டே வரி போதும்: இன்று இதைச் சொல்லுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திட்டாமல் அதையே இக்போவில் திரும்பச் சொல்லுங்கள்.

முன்னுரையில் ‘நம் மொழி அழிந்துகொண்டிருக்கிறது, காப்பது உன் கடமை’ என்று எழுதும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு இனத்தின் பாரத்தை ஏற்றக் கூடாது. பழமொழிகளை மூட்டையாக அவிழ்ப்பதும் இதே வகைதான். பழமொழி பேச்சு நன்றாக வந்தபிறகு ருசிக்க வேண்டியது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் நான்கைந்து குடும்பங்களிடம் நகல் கொடுத்துப் பாருங்கள், வெவ்வேறு வட்டாரம், வெவ்வேறு வயது. பிள்ளைக்குப் புத்தகம் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லும். ஒரு வாரம் கழித்து, புத்தகம் பக்கத்தில் இல்லாதபோது, பிள்ளை தானாக இக்போவில் என்ன கேட்டது என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் படத்தை மாற்றிப் பயனில்லை, வாக்கியங்களை மாற்றி எழுதுங்கள்.