சி டிரைவ் சிவப்பு, டி டிரைவ் காலி

எங்கள் பழைய வீட்டுக் கணினியில் சி டிரைவ் நிரம்பிச் சிவந்து நின்றது. டி டிரைவில் பாதிக்கு மேல் காலி. டெஸ்க்டாப்பில் போடுவதெல்லாம் சி டிரைவில்தான் போய் உட்காருகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், வேண்டாத ஃபைல்களை அழிக்க விண்டோஸிலேயே இருக்கும் 'டிஸ்க் கிளீனப்'பைத் திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தாவிட்டால் சில்லறைதான் தேறும். அழுத்தினால் பழைய அப்டேட் மிச்சங்களும் பட்டியலுக்கு வரும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' இருந்தால் டிக் செய்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு வில்லங்கச் சான்றிதழ் அதற்குள்தான் கிடந்தது.

பெரிய விடுதலை அடுத்த வேலையில் கிடைத்தது. அக்கா மகள் கல்யாண வீடியோ முழுவதும் 'வீடியோஸ்' ஃபோல்டரில் இருந்தது. அதன் மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்'. ஃபோல்டரை எங்கே மாற்றுவது என்று கேட்கும்போது டி டிரைவை மொட்டையாகக் காட்டக் கூடாது. அங்கே தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிரைவ் முழுவதுமே 'வீடியோஸ்' ஆகிவிடும், பிரிப்பது பெரும்பாடு. 'பிக்சர்ஸ்', 'டாக்குமென்ட்ஸ்' இரண்டுக்கும் அப்படியே செய்தேன்.

கணினியைப் பறக்கவைப்பதாக விளம்பரம் செய்யும் துப்புரவு மென்பொருள்கள் பக்கம் நான் போகவே இல்லை.

எங்கள் கணினியில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கின் பகுதிகள். அது போனால் இரண்டும் போகும். அதனால் கல்யாண வீடியோவுக்குப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவைத்தேன்.