காக்கியைக் கழற்றிவிட்டு ஒன்ராறியோ வந்தவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொலிஸில் இருந்துவிட்டு இங்கே வந்து இறங்குபவர்கள் போன் எடுத்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன், இஞ்ச பொலிஸில சேரலாமா?" சேரலாம், நிரந்தர வதிவிடம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் 40 வயதில் மறுபடி ஓட்டத் தேர்வில் தொடங்க வேண்டும். அதைவிட சைபர் குற்ற விசாரணைப் பக்கம் வாருங்கள் என்பேன். பொலிஸ் சேவைகளிலேயே சீருடை போடாத டிஜிட்டல் தடயவியல் ஆட்கள் உண்டு. வங்கிகளிலும் மோசடி விசாரணைப் பிரிவுகள் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சான்றுப்பொருளை யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தது என்று புத்தகத்தில் எழுதிப் பழகிய கைதான் மூலதனம். அப்படிப் பழகிய நானே சறுக்கினேன். இங்கே படித்தபோது முதல் செய்முறைத் தேர்வில் ஒரு யூஎஸ்பியைத் தந்தார்கள். அவசரத்தில் அப்படியே மடிக்கணினியில் செருகிவிட்டேன். செருகியதுமே கணினி அதில் எதையாவது எழுதிவிடக்கூடும், பிறகு அது பழைய சான்று இல்லை. எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் வைத்துப் பிரதி எடுத்து, இரண்டின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஓர் எண்) ஒன்றா என்று பார்த்தபிறகு பிரதியில்தான் தேட வேண்டும். ஊரில் இரத்தக்கறைக் கத்தியை வெறுங்கையால் தூக்குவோமா? அந்தத் தேர்வில் பாதிப் புள்ளி போய்விட்டது. 'ஆட்டோப்சி' என்ற டிஜிட்டல் தடயவியல் மென்பொருள் இலவசம், வீட்டிலேயே பழகுங்கள்.

நேர்முகத்தில் நம் நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். இலங்கையும் கனடாவும் சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இணைந்தது ஒரே வருடம், 2015இல்.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் கல்லடிப் பாலம் தாண்டுமுன் சேவைக் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். 'கான்ஸ்டபிள்' என்று மட்டும் இருந்தால் போதாது, எந்த விசாரணை, எத்தனை வருடம் என்று இருக்க வேண்டும். சி.எஃப்.ஈ. என்ற மோசடி விசாரணைச் சான்றிதழுக்கு, மோசடி வழக்குகளை விசாரித்த அனுபவமும் கணக்கில் சேரும்.

அப்புறம் படிப்பித்தல். அரச பள்ளிக்கூடத்தில் என்றால் ஆசிரியர் சான்று வேண்டும். கம்யூனிட்டி கொலிஜில் அது கட்டாயமில்லை, பட்டத்தோடு துறை அனுபவத்தையும் பார்ப்பார்கள். நான் தொடங்கியது ஸ்காபரோவில், நம் பெரியவர்கள் பத்துப் பேர் முன்னால். வரித் திணைக்களம் என்று சொல்லிப் பணம் பறிக்கும் அழைப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். காரைதீவு அம்மம்மா ஒருவர் கையைத் தூக்கினார்: "மனே, நான் நேத்து கிஃப்ட் கார்டு நம்பரச் சுரண்டிச் சொல்லிப்போட்டன். இனி என்ன செய்யிற?"

பாடத்தை மூடி வைத்துவிட்டு, கார்டையும் ரசீதையும் எறியவில்லையே என்று கேட்டேன். கைப்பையைத் திறந்தார்.