பத்திரிகைத் துறையைப் படிக்கும்போது மாணவர் விடும் தவறுகள்

க.பொ.த. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்திருக்கும் மாணவர் ஒருவரின் கொப்பியைத் திறந்தால், பத்திரிகைத் துறை பற்றிய பகுதி பெரும்பாலும் ஆண்டுகளின் அட்டவணையாகவே இருக்கும்: உதயதாரகை 1841, இந்துசாதனம் 1889, வீரகேசரி 1930, தினகரன் 1932, ஈழநாடு 1959, உதயன் 1985. இவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை மனனம் செய்துவிட்டுத் துறையைப் படித்து முடித்ததாக எண்ணுவது முதலாவது தவறு. உதயதாரகை 1841இல் எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்விக்கு அந்த ஆண்டு விடை சொல்லாது. அமெரிக்க மிசனரிமாரிடம் மானிப்பாயில் அச்சகம் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் மிசன் பாடசாலைகளும் வாசிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை உருவாக்கியிருந்தன. செலவைத் தாங்க ஒரு நிறுவனமும் பின்னால் நின்றது. அச்சு, வாசகர், பணம் என்ற இந்த மூன்றையும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் கேட்டுப் பார்த்தால்தான் அட்டவணைக்கு உயிர் வரும்.

நான் அடிக்கடி திருத்துவதும் மிகவும் கவலைப்படுவதும் வேறொரு தவறு பற்றியது. கிளிநொச்சியில் எனது வகுப்பில் இருந்த ஒரு மாணவி, முந்திய இரவு நடந்த ஒரு சம்பவம் யாழ்ப்பாணப் பத்திரிகையில் முதற்பக்கத்தில் இருப்பதையும், கொழும்பிலிருந்து வந்த நாளிதழில் ஒரு வரிகூட இல்லாததையும் கண்டு, "கொழும்புப் பத்திரிகை திட்டமிட்டு இருட்டடிப்புச் செய்துள்ளது" என்று ஒப்படையில் எழுதியிருந்தார். அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணம் கிளிநொச்சியிலிருந்து எழுபது கிலோமீற்றருக்கும் குறைவு. கொழும்பு முந்நூறுக்கும் மேல். விடியும் முன் எங்கள் கடைகளுக்கு வந்து சேர வேண்டிய கொழும்புப் பிரதிகள் இரவில் முதலில் அச்சாகிப் புறப்பட்டுவிடும். நள்ளிரவுச் செய்தி, கொழும்பு நகருக்கென்று கடைசியாக அச்சாகும் நகரப் பதிப்புக்குத்தான் கிடைக்கும். இருட்டடிப்பு என்பது நடக்காத ஒன்று அல்ல. ஆனால் அச்சு ஏறிய நேரத்தையும் வாகனம் புறப்பட்ட நேரத்தையும் விசாரிக்காமல், நகரப் பதிப்போடு ஒப்பிட்டும் பார்க்காமல், அந்தச் சொல்லை எழுதுவது ஆய்வு ஆகாது.

விளம்பரப் பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் இதற்குக் குறைந்த தவறல்ல. கடையில் நாம் கொடுக்கும் காசில்தான் பத்திரிகை நடக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் காசில் விற்பனை முகவருக்கும் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகிறது, போக்குவரத்துக்கு ஒரு பங்கு போகிறது, விற்காமல் திரும்பும் பிரதிகளின் நட்டத்தையும் யாரோ ஏற்க வேண்டியிருக்கிறது. மிச்சச் செலவை விளம்பரமே சுமக்கிறது. எங்கள் பிரதேசத்தில் விற்பனையாகும் நாளிதழ் ஒன்றை எடுத்து, மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, ஆண்டு நினைவு, மணமகன் தேவை, காணி விற்பனை, திணைக்களங்களின் கேள்வி (டெண்டர்) அறிவித்தல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் இடத்தை அடிமட்டத்தால் அளந்து பார்க்கும்படி நான் சொல்வதுண்டு. முதல் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் அஞ்சலிகளின் கீழே "மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்" என்ற பெயர்களோடு கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று வருவதைக் கவனிப்பார்கள். ஊர்ப் பத்திரிகையின் வருமானத்தில் ஒரு பகுதி புலம்பெயர்ந்தவர்களின் துயரத்திலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரியும். அரச கேள்வி அறிவித்தல் எந்தப் பத்திரிகைக்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதும் அதே அளவீட்டில் தெரியவரும். அது அரசியல் பக்கத்தை வாசிக்கும் கண்ணையே மாற்றிவிடும்.

தாள் பற்றி மாணவர் எழுதுவதே இல்லை. அச்சுத்தாள் இறக்குமதிப் பொருள். டொலர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளிதழ்களின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளும் அதே காரணத்தால் பிற்போடப்பட்டன. அதற்கு முன்னரே, 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைக்க நேர்ந்தது. ஒரு செய்தி ஏன் சுருங்கியது என்பதற்குச் சில வேளைகளில் ஆசிரியபீடம் அல்ல, களஞ்சிய அறையே விடை வைத்திருக்கும்.

உரிமை பற்றிய பகுதியில் "அரச பத்திரிகை, தனியார் பத்திரிகை" என்று இரண்டு கோடு கீறிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பங்குகளில் நான்கில் மூன்று 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசின் கைக்கு வந்தன. தினகரன் அதன் வெளியீடு. தனியார் என்ற சொல்லுக்குள் வர்த்தக நிறுவனமும் அடங்கும், அரசியல்வாதியும் அடங்குவார்: உதயன் பத்திரிகையின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010 முதல் 2020 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். இதைச் சொன்னதும் மறுபக்கத் தவறு வந்துவிடுகிறது: உரிமையாளர் யார் என்று தெரிந்ததும் உள்ளடக்கத்தை வாசிக்காமலே முடிவு எழுதுகிறார்கள். உரிமையின் செல்வாக்கு பக்கத்தில் தெரிய வேண்டும். தேர்தல் வாரத்துத் தலைப்புகளை எண்ணிக் காட்டாத வரை அது ஓர் ஊகம் மட்டுமே.

விற்பனையான பிரதிகளின் எண்ணிக்கையும் வாசகர் எண்ணிக்கையும் ஒன்றல்ல. முல்லைத்தீவில் ஒரு தேநீர்க் கடைக்கோ சலூனுக்கோ வாசிகசாலைக்கோ போகும் ஒரு பிரதியை அன்று மாலைக்குள் இருபது பேர் புரட்டியிருப்பார்கள்.

பிற நாட்டுக் குறிப்புகளை அப்படியே இறக்குவதும் தொல்லை தருகிறது. இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகளில் பல இந்தியாவுக்கானவை. அதனால் பத்திரிகைப் பேரவை 1966இல் அமைந்தது என்று எழுதுகிறார்கள். அது இந்தியாவின் பேரவை. இலங்கைப் பத்திரிகைப் பேரவை 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. 2003இல் அமைந்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவோ துறையினர் தாமே ஏற்படுத்திய சுயகட்டுப்பாட்டு அமைப்பு. இந்த இரண்டையும் குழப்பிய விடைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். பிரித்தானியக் குறிப்புகளிலிருந்து "டாப்லொயிட் என்றால் தரம் குறைந்தது" என்ற வரி வருகிறது. டாப்லொயிட் என்பது சிறிய பக்க அளவு. பிரித்தானிய நாளிதழான 'கார்டியன்' 2018இல் அந்த அளவுக்கு மாறியது, அதனால் அது பரபரப்புப் பத்திரிகை ஆகிவிடவில்லை.

வன்னி மாணவர் தயங்கி நிற்கும் இடம் ஈழநாதம். 1990இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1995 இடப்பெயர்வின் பின் வன்னியிலிருந்து, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அவர்களின் சார்பில் வெளிவந்த அந்த நாளிதழை, சிலர் பயத்தால் விட்டுவிடுகிறார்கள். சிலர் நெகிழ்ந்து அஞ்சலிக் கட்டுரை எழுதுகிறார்கள். இரண்டும் பாடத்துக்கு உதவாது. வேறு பத்திரிகைகளிடம் கேட்கும் அதே கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும்: பொருளாதாரத் தடைக்குள் தாளும் மையும் எப்படி வந்தன, யார் விநியோகித்தார்கள், போட்டிப் பத்திரிகை இல்லாத இடத்தில் எந்தச் செய்தி வராமல் போனது. வீட்டுப் பெரியவர்களிடம் விசாரிக்கலாம். பழைய ஈழத்துப் பத்திரிகைகள் பலவற்றின் பக்கங்கள் நூலகம் என்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. பக்கத்தைத் திறந்ததும் தலைப்புச் செய்திக்குப் போகாமல், யார், எங்கே அச்சிட்டு வெளியிட்டார்கள் என்று கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியை முதலில் தேடுங்கள்.